இயல்பூக்கமும் பொதுவளமும்: மனித இயல்பு பற்றிய கோட்பாடுகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

மனிதன் தன் வாழ்வுக்கு ஆதாரமான நிலத்தையும் நீரையும் காட்டையும் தானே ஏன் அழித்துக்கொள்கின்றான் என்ற வினாவுக்கு நெடுங்காலமாக இருவேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. தன்னலமும் பேராசையும் மனிதனுடன் கூடப் பிறந்தவை. வலிய அதிகாரம் ஒன்று அடக்கி ஆளாதவிடத்து அவன் பிறரையும் அழித்துத் தானும் அழிவான் என்பது ஒரு விடை. 1651ஆம் ஆண்டில் தோமஸ் ஹொப்ஸ் இக்கருத்துக்கு அரசியற் கோட்பாட்டின் வடிவத்தைக் கொடுத்தார். ஆதிமனிதன் களங்கமற்றவனாய் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தான். தனியுடைமையும் நாகரிகமுமே அவனைக் கெடுத்தன என்பது மற்றைய விடை. 1755ஆம் ஆண்டில் வெளிவந்த ரூசோவின் சமத்துவமின்மை பற்றிய நூல் இதற்கு வலுவூட்டியது.

இவ்விரு விடைகளும் ஏட்டளவில் நின்றுவிட்டவையல்ல. காணிச் சட்டங்களும் நீர்ப்பாசனக் கொள்கைகளும் மீன்பிடி ஒழுங்குகளும் மனிதன் எத்தகையவன் என்ற ஏதோவொரு முற்கோளின்மீதே எழுப்பப்பட்டுள்ளன. அம்முற்கோள் பிழையாயின், அதன் பலனை அனுபவிப்போர் வாய்க்காலின் கடைக்கோடியில் நீருக்காகக் காத்திருக்கும் கமக்காரரே. எனவே மனிதனின் இயல்பூக்கங்கள் பற்றிய சிந்தனை எவ்வாறு வளர்ந்தது, அது பொதுவளங்களின் ஆட்சியை எவ்வாறு பாதித்தது, வரலாறு அதற்கு அளிக்கும் சான்று யாது என்பன ஆராயத்தக்கனவாகும்.

கூர்ப்பு விட்டுச்சென்ற மரபு

சார்ள்ஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தமது நூலை வெளியிட்டபோது, மனித சமுதாயத்தைப் பற்றி அதில் அதிகம் பேசவில்லை. எனினும் அந்நூலின் கருத்துக்களைச் சமுதாயத்துக்குப் பொருத்தப் பலர் முந்திக்கொண்டனர். 'தக்கன பிழைத்தல்' என இன்று தமிழில் வழங்கும் தொடரை 1864இல் ஆக்கியவர் ஹேர்பேட் ஸ்பென்சரேயன்றி டார்வின் அல்லர். போட்டியே இயற்கையின் நியதி, எளியோர் வீழ்வதே முன்னேற்றத்தின் வழி என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைமுதலாளிகளுக்கும் பேரரசுகளுக்கும் மிகவும் உவப்பாயிற்று. அதன் கொடிய விளைவுகளையும் வரலாறு கண்டது. 'தகுதியற்றோர்' எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாய மலடாக்கல் செய்யும் சட்டத்தை ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல் நிறைவேற்றியது. வேறு பல மாநிலங்களும் அதனைப் பின்பற்றின.

ஆயின் டார்வினின் சொந்தக் கருத்து இவ்வளவு ஒருதலைப்பட்சமானதன்று. 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலில், ஒருவருக்கொருவர் உதவவும் பொதுநலனுக்காகத் தம்மைத் தியாகஞ் செய்யவும் ஆயத்தமான உறுப்பினரைக் கூடுதலாகக் கொண்ட குழு ஏனைய குழுக்களை வெல்லும் என்றும், அதுவும் இயற்கைத் தேர்வேயாகும் என்றும் அவர் விளக்கினார். 1860களில் சைபீரியாவில் அலைந்து ஆய்வுசெய்த ரஷ்யரான பீற்றர் குரோபொட்கின், உயிரினங்களின் வாழ்க்கைப் போராட்டம் பற்றி ஹக்ஸ்லி 1888இல் எழுதிய கட்டுரைக்கு மறுப்பாகத் தொடர்கட்டுரைகள் வரைந்தார். அவை 1902இல் 'பரஸ்பர உதவி' பற்றிய நூலாக வெளிவந்தன. கடுங்குளிருக்கும் பஞ்சத்துக்கும் எதிராக உயிரினங்கள் ஒன்றுக்கொன்று துணைநின்றே பிழைக்கின்றன என்பதே அவர் நூலின் சாரம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விவாதம் நுண்மையான வடிவம் பெற்றது. தன் இரத்த உறவினருக்காகச் செய்யும் தியாகம் எவ்வாறு இயற்கைத் தேர்வினால் நிலைபெறலாம் என்பதனை 1964இல் வில்லியம் ஹமில்ரன் கணித முறையில் விளக்கினார். உறவல்லாதோரிடையேயும் 'இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு' என்ற கைம்மாறுணர்வு தோன்றக்கூடும் என்பதனை 1971இல் றொபேட் ட்ரிவர்ஸ் காட்டினார். அத்தகைய கைம்மாற்று வாழ்வில் நன்றியுணர்வு, குற்றவுணர்வு, ஏமாற்றுவோன் மீதான சினம் ஆகியனவும் ஒருங்கே வளர்ந்திருக்கும் என்பது அவர் கருத்தின் முக்கிய பகுதியாகும்.

பிற்காலப் பரிசோதனைகள் இதற்குச் சான்று பகர்ந்தன. சூரிச் நகரில் மாணவர்களைக் கொண்டு ஏர்ணஸ்ற் ஃபேர், சைமன் கெக்ரர் ஆகியோர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. பொதுநிதிக்குப் பணம் வழங்கும் விளையாட்டொன்றில், வழங்காது பயனை மட்டும் அனுபவித்தோரைத் தண்டிக்க வழியில்லாதபோது ஏனையோரும் படிப்படியாகக் கையை இறுக்கிக்கொண்டனர். தண்டிக்க வழி ஏற்பட்டதும், அதற்குத் தம் கைப்பணத்தைச் செலவிட நேர்ந்தபோதும், மீண்டும் அதே நபரைச் சந்திக்கமாட்டோம் என்று அறிந்திருந்தபோதும், மாணவர் தண்டித்தனர், பொதுநிதியும் உயர்ந்தது.

எனவே கூர்ப்பு மனிதனுக்கு விட்டுச்சென்ற மரபு ஒருமுகமானதன்று. தன்னலம் அதில் உண்டு. பிறர் ஒத்துழைக்கும்வரை தானும் ஒத்துழைக்கும் மனப்பாங்கும் உண்டு. ஏமாளியாக மட்டும் இருக்க மாட்டேன் என்ற பிடிவாதமும் உண்டு. இவற்றுள் எது மேலோங்கும் என்பதனை இயல்பூக்கம் தானே தீர்மானிப்பதில்லை. மனிதர் வாழும் ஒழுங்கமைப்பே தீர்மானிக்கின்றது.

தொல்காலத்தின் இரு சான்றுகள்

ஆதிமனிதன் இயற்கையின் காவலனாக வாழ்ந்தான் என்ற கூற்றையும் இந்நோக்கில் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். நியூசிலாந்தில் பொலினேசியர் குடியேறியது ஏறத்தாழ பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். பறக்கவியலாத பெரும் பறவையான மோவாவின் ஒன்பது இனங்களும் அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குள் வேட்டையினாலும் காடழிப்பினாலும் முற்றாக மறைந்தன. ஆலையோ துப்பாக்கியோ அங்கு இருக்கவில்லை.

இதற்கு மறுதலையான சான்று இலங்கையிலேயே உண்டு. களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன் குகையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த அறிஞர், ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு மனிதர் குரங்குகளையும் மரஅணில்களையும் வேட்டையாடி வாழ்ந்தனர் என 2019இல் அறிவித்தனர். வேட்டையாடப்பட்டவற்றுட் பெரும்பாலானவை முதிர்ந்த விலங்குகளாகும். பல்லாயிரம் ஆண்டுகள் அவ்வேட்டை தொடர்ந்தும் அவ்விலங்கினங்கள் அழியவில்லை.

இவ்விரு மக்கட் கூட்டத்தாரும் ஒரே மனித இனத்தவரே. இயல்பூக்கத்தில் அவர்கள் வேறுபட்டனர் எனக் கொள்ள எவ்வித ஆதாரமும் இல்லை. வேட்டைப் பொருளின் தன்மை, அது மீளப் பெருகும் வேகம், அதனைப் பற்றி மனிதர் பெற்றிருந்த பட்டறிவு என்பனவே வேறுபட்டன. புதிதாகக் குடியேறியோர் மோவாவின் எல்லையை அறியுமுன்பே மோவா முடிந்துபோயிற்று.

மேய்ச்சல் நிலத்து உவமை

1968ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க உயிரியலாளரான கரற் ஹார்டின் 'பொதுவளத்தின் அவலம்' என்ற கட்டுரையை வெளியிட்டார். எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தை அவர் உவமையாகக் கொண்டார். மேலுமொரு பசுவை விடுபவனுக்கு அதனால் வரும் இலாபம் முழுவதும் சேர்கின்றது. புல் குறைவதால் வரும் நட்டமோ எல்லோருக்கும் பங்கிடப்படுகின்றது. ஆகவே அறிவுள்ள ஒவ்வொருவனும் மேலும் மேலும் பசுக்களை விடுவான். ஈற்றில் நிலம் பாழாகும். பொதுவளத்தைத் தனியுடைமையாக்குதல் அல்லது அரசின் கட்டாயத்துக்கு உட்படுத்தல் என்பனவே இதற்கு வழி எனப் பலர் இக்கட்டுரையிலிருந்து முடிவுசெய்தனர். வளர்முக நாடுகள் பலவற்றின் காடு, நீர், மீன்பிடிக் கொள்கைகளில் இவ்வுவமையின் செல்வாக்கு ஆழமாகப் பதிந்தது.

உவமை தருக்கரீதியாகப் பிழையற்றது. வரலாற்றுரீதியாகவே அது குறைபாடுடையது. இங்கிலாந்தின் பொது மேய்ச்சல் நிலங்கள் எவரும் எத்தனை பசுவையும் விடக்கூடிய வெளிகளாக இருக்கவில்லை. எவர், எப்போது, எத்தனை கால்நடைகளை விடலாம் என்பதற்குக் கிராம வழமைகள் இருந்தன. அந்நிலங்கள் மறைந்தமைக்கு மிகைமேய்ச்சல் காரணமன்று. அடைப்புச் சட்டங்களே காரணம். 1604க்கும் 1914க்கும் இடையில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அத்தகைய சட்டங்களை நிறைவேற்றி, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கரைத் தனியுடைமையாக்கியது.

அரசியல் அறிஞரான எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றுக் குறையை நிரப்பியது. சுவிற்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில், குளிர்காலத்தில் தன் தொழுவில் தீனியிட்டு வளர்க்கக்கூடிய தொகைக்கு மேற்பட்ட பசுக்களை எவரும் பொது மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்ற விதி 1517ஆம் ஆண்டு முதலே எழுத்தில் உண்டு. ஸ்பெயினின் வலென்சியா நகரில், பேராலய வாயிலில் வியாழன்தோறும் கூடும் நீர்மன்றம், கமக்காரராலேயே தெரிவுசெய்யப்பட்ட நீதிபதிகளைக் கொண்டு நீர்ப்பிணக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்க்கின்றது. இத்தகைய பல எடுத்துக்காட்டுக்களை ஒப்புநோக்கிய ஒஸ்ட்ரம், நிலைத்து நின்ற பொதுவள அமைப்புக்களுக்குப் பொதுவான எட்டு நெறிகளை வகுத்தார். பயனாளர் யாவர் என்ற தெளிவு, விதிகளை ஆக்குவதில் அவர்களுக்குள்ள பங்கு, அவர்களுக்குப் பொறுப்புச்சொல்லும் கண்காணிப்பாளர், சிறிதிலிருந்து பெரிதாகச் செல்லும் தண்டம், அமைப்பின் உரிமையை அரசு மதித்தல் என்பன அவற்றுட் சில. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. 'முகாமை செய்யப்படாத' பொதுவளத்தையே தாம் கருதியிருக்க வேண்டும் என்று ஹார்டினும் 1990களில் தம் கூற்றைத் திருத்திக்கொண்டார்.

இந்நெறிகளுக்கும் கைம்மாற்று இயல்பூக்கங்களுக்கும் உள்ள பொருத்தம் தற்செயலானதன்று. எல்லை தெளிவாயின் 'நம்மவர்' யார் என்பது தெளிவாகின்றது. கண்காணிப்பு உண்டாயின் ஏமாளியாகிவிடுவோமோ என்ற அச்சம் நீங்குகின்றது. முதற்குற்றத்துக்குச் சிறுதண்டம் என்பது சினத்துக்கு வடிகாலாவதோடு, தவறியவன் மீண்டும் கூட்டத்தில் சேரவும் வழிவிடுகின்றது. கூர்ப்பியலறிஞர் டேவிட் ஸ்லோன் வில்சன், ஒஸ்ட்ரம் ஆகியோர் இணைந்தெழுதி 2013இல் வெளிவந்த கட்டுரை, இந்நெறிகளைக் கூட்டு வாழ்வின் கூர்ப்போடு நேரடியாகவே தொடர்புபடுத்தியது.

வரண்ட வலயத்துக் குளங்கள்

இலங்கையின் வரண்ட வலயத்துக் குளங்கள் இவ்விவாதத்துக்கு உகந்த ஓர் ஆய்வுக்களமாகும். பருவமழையை நம்பிய ஒரு குளத்தின் நீர் எல்லோருக்கும் பொது; ஒருவன் துருசைக் கூடுதலாகத் திறந்தால் மற்றவன் வயல் காயும். ஹார்டினின் உவமைப்படி இக்குளங்கள் என்றோ அழிந்திருத்தல் வேண்டும்.

எட்மண்ட் லீச் 1954இல் நுவரகலாவியப் பகுதியின் புல் எலிய என்ற சிங்களக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து 1961இல் வெளியிட்ட நூல், அவை அழியாதிருந்தமைக்கான காரணங்களைக் காட்டுகின்றது. ஒவ்வொரு பங்குதாரருக்கும் வயற்பரப்பின் வெவ்வேறு பகுதிகளில் துண்டுகள் அமைந்தமையால், துருசுக்கு அண்மையிலிருப்பதன் நன்மையும் தொலைவிலிருப்பதன் தீமையும் பகிர்ந்துகொள்ளப்பட்டன. வேலி கட்டும் கடமையும் பங்கின் அளவுக்கேற்ப வகுக்கப்பட்டது. குளத்தில் நீர் குறைந்த காலத்தில் 'பெத்ம' என்ற வழமை கைக்கொள்ளப்பட்டது. குளக்கட்டுக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் விதைத்து, அதனை எல்லாப் பங்குதாரருக்கும் அவரவர் உரிமைக்கேற்பத் தற்காலிகமாகப் பகிர்ந்தளிப்பதே அதுவாகும். நீர்ப் பங்கீட்டைக் கண்காணிக்கச் சிங்களக் கிராமங்களில் வெல்விதானையும் மட்டக்களப்புப் பகுதியில் வட்டை விதானையும் இருந்தனர்.

இவ்வழமைகளைப் பொற்காலத்து எச்சங்களாகப் போற்றுதல் பொருந்தாது. பழைய அமைப்பின் பின்னால் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியமும் சாதிப் படிநிலையும் இருந்தன. பிரித்தானியர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தமை தனிமனித உரிமை நோக்கில் ஒரு முன்னேற்றமே. ஆயினும் குளக்கட்டைப் பேணும் கூட்டுக்கடமையைச் செயற்படுத்த வேறொரு ஒழுங்கு அதனிடத்தில் வைக்கப்படவில்லை. உழைக்காதவனைத் தட்டிக்கேட்க எவருக்கும் அதிகாரமில்லாத நிலையில் உழைத்தவனும் கைவிட்டான். பரிசோதனைக்கூடத்தில் காணப்பட்ட அதே இயல்பு அன்று குளக்கட்டுக்களில் வெளிப்பட்டது எனலாம். இதன் தீமையை உணர்ந்த தேசாதிபதி ஹென்றி வார்ட், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பழைய நீர்ப்பாசன வழமைகளுக்கு மீண்டும் சட்டவலு அளித்தார். இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களும் அவர் காலத்திற் புனரமைக்கப்பட்டன. பின்னர் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. நிலவுடைமையாளரின் செல்வாக்கைக் குறைப்பது அதன் நோக்கமாயினும், நீர்க் கண்காணிப்பின் தொடர்ச்சி மீண்டும் ஒருமுறை அறுந்தது.

கல்லோயாவின் படிப்பினை

உறவும் வழமையும் உள்ள சிறுகிராமத்தில் ஒத்துழைப்பு நிலவலாம். அந்நியர் வந்து குடியேறிய பெருந்திட்டத்தில் அது இயலுமா என்ற ஐயம் நியாயமானதே. 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இவ்வையத்துக்கு இடமளித்தது. பல இடங்களிலிருந்தும் வந்தோர் அங்கு குடியமர்த்தப்பட்டனர். இடதுகரைப் பகுதியில் வாய்க்காலின் மேற்பகுதியிற் பெரும்பாலும் சிங்களக் கமக்காரரும் கடைப்பகுதியில் தமிழ்பேசும் கமக்காரரும் இருந்தனர். முப்பது ஆண்டுகளில் மதகுகள் உடைந்தும் வாய்க்கால்கள் தூர்ந்தும் போயின. சிறுபோகத்தில் கடைக்கோடி வயல்களுக்கு நீர் எட்டுவதேயில்லை. கமக்காரர் ஒற்றுமையற்றவர், நீர் திருடுவோர் என்பதே அதிகாரிகளின் பொதுவான மதிப்பீடாக இருந்தது.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகத்தின் துணையுடன் ஒரு முயற்சியைத் தொடங்கியது. இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக நியமிக்கப்பட்டுக் கமக்காரரிடையே சென்று தங்கினர். அவர்கள் சங்கமொன்றைப் பதிவுசெய்து தலைவரைத் தெரியுமாறு கூறவில்லை. ஒரே வயல்வாய்க்காலைப் பயன்படுத்தும் பத்து இருபது பேரை ஒன்றுகூட்டி, தம்மால் இயன்றதை முதலிற் செய்யத் தூண்டினர். ஆண்டுக்கணக்காகத் துப்புரவாக்கப்படாத வாய்க்கால்கள் சிரமதானத்தால் திறக்கப்பட்டன. நீர் முறைவைத்துப் பகிரப்பட்டது. மிஞ்சிய நீர் கடைக்கோடிக்கு விடப்பட்டது. அச்சிறு குழுக்களிலிருந்தே கிளைவாய்க்கால் அமைப்புக்களும் அவற்றுக்கு மேலான சபைகளும் படிப்படியாக எழுந்தன. நிரந்தரப் பதவி கிடைத்ததும் பட்டதாரிகளுட் பெரும்பாலோர் விலகிச்சென்றபோதும் குழுக்கள் நிலைத்தன.

அவற்றின் உண்மையான சோதனை 1997ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் வந்தது. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நீர்த்தேக்கத்திலிருந்த நீர் நெற்செய்கைக்குப் போதாது எனக் கணித்த அதிகாரிகள், 15,000 ஏக்கரில் உபஉணவுப் பயிர் செய்வதற்கு மட்டுமே அனுமதியளித்தனர். கமக்காரர் தம் அமைப்புக்களின் வழியாக நீரைச் சிக்கனமாகவும் சமமாகவும் பங்கிட்டு, 65,000 ஏக்கரில் பயிர்செய்து, சராசரிக்கு மேலான விளைச்சலைப் பெற்றனர். மேற்பகுதிச் சிங்களக் கமக்காரர் அந்நீரைக் கடைப்பகுதித் தமிழ்க் கமக்காரருடன் பகிர்ந்துகொண்டனர் என்பதனை, இம்முயற்சியில் முன்னின்ற நோர்மன் அப்ஹொவ், விஜயரத்ன ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பதிவுசெய்துள்ளது. இனம் பற்றிய இயல்பூக்கம் மாற்றவியலாதது எனக் கூறுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது. 'நம்மவர்' என்ற உணர்வு மனிதனுடன் பிறந்ததாக இருக்கலாம். அதன் எல்லை எங்கே போடப்படும் என்பது பிறவியில் எழுதப்பட்டதன்று. ஒரே வாய்க்காலும் ஒரே முறைவைப்பும் அவ்வெல்லையை வேறிடத்தில் வரைந்தன.

எல்லைகளும் எஞ்சும் வினாவும்

இதனைக் கொண்டு எல்லாப் பொதுவளத்தையும் பயனாளரிடம் விட்டால் போதும் என்று முடிவுசெய்தலும் தவறாகும். இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்லவின் கரைவலை மீனவரிடையே முறைவைத்து வலைவளைக்கும் ஒழுங்கு இருந்தது. ஆயினும் மீனின் சந்தை விலை ஏற, புதிய வலைகள் பெருகின. வலைகளின் தொகையை மட்டுப்படுத்தும் விதியை அதிகாரிகள் செயற்படுத்தாமையால் ஒவ்வொருவர் வருவாயும் தேய்ந்தது. தம் ஒழுங்குக்கு அரசின் துணை கிடைக்காத சமூகம் சந்தையின் முன் தனித்து நிற்க இயலாது.

மறுபுறம், அரசும் விஞ்ஞானமும் மட்டுமே போதுமானவையல்ல என்பதற்குக் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடல் சான்று. பன்னாட்டு இழுவைக் கப்பல்களால் வடபகுதிக் கொட் மீனின் பிடிப்பு 1968இல் ஏறத்தாழ 8 இலட்சம் தொன்னாக உயர்ந்தது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையைத் தன் ஆளுகைக்குட் கொண்டுவந்து, தன் சொந்தக் கப்பல்களைப் பெருக்கியது. மீன் குறைகின்றது எனக் கரையோரச் சிறுமீனவர் 1980களில் எச்சரித்ததை அதிகாரிகள் உரிய காலத்தில் ஏற்கவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டபோது ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர். அத்தடை நீங்க 2024ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது.

மனிதனின் இயல்பூக்கங்கள், முகம் தெரிந்த சிறுகூட்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த வாழ்வினால் உருவானவை. நவீன சமுதாயமோ முகமறியாத கோடிக்கணக்கானோரை ஒரே சந்தையிலும் ஒரே வளிமண்டலத்திலும் பிணைத்துள்ளது. கொழும்பில் எரியும் எரிபொருளின் புகையையும் லண்டனில் எரியும் எரிபொருளின் புகையையும் கண்காணிக்கும் வெல்விதானை எவருமில்லை. காலநிலை மாற்றத்தின் முன் உலகம் தடுமாறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. உலக உடன்படிக்கை ஒன்றை மட்டும் எதிர்பார்த்திராது, கிராமம், நகரம், மாகாணம், நாடு எனப் பல மட்டங்களிலும் ஒழுங்குகள் எழவேண்டும் என ஒஸ்ட்ரம் தம் இறுதிக்காலத்தில் வற்புறுத்தினார். வயல்வாய்க்கால் குழுவிலிருந்து திட்டச்சபை வரை எழுந்த கல்லோயா அமைப்பு அதற்கு ஒரு சிறு முன்மாதிரியாகும்.

இயற்கையோடு மனிதன் கொள்ளும் உறவு, மனிதர் தமக்குள் கொள்ளும் உறவின் வழியாகவே அமைகின்றது என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது. மக்களைத் தன்னலமிகளாகவே கருதி வகுக்கப்படும் திட்டம், கூடிப்பேசவும் கண்காணிக்கவும் அவர்களுக்குள்ள வாய்ப்பைப் பறித்து, ஈற்றில் அவர்களைத் தன்னலமிகளாகவே ஆக்கிவிடுகின்றது. இனிமேல் நீர்த்திட்டமோ காணிச்சட்டமோ வகுக்க முனையும் ஒவ்வொருவரும், தாம் எத்தகைய மனிதனை மனத்திற்கொண்டு அதனை வகுக்கின்றனர் என்ற வினாவுக்கு முதலில் விடை கூறுதல் வேண்டும்.